பாம்புச் சட்டையை லேபுக்கு அனுப்பி மார்ஃப் டெஸ்ட் பண்ற சர்வீஸ்: எதுக்கு நம்பலாம், எதுக்கு நம்ப வேண்டாம்

பாம்பு உரிச்சுப் போட்ட சட்டையில கொஞ்சத்தை கவர்ல போட்டு அனுப்புனா போதும், அதுல இருந்து டிஎன்ஏ எடுத்து உங்க பாம்பு என்ன மார்ஃப் (நிற வகை), எதுக்கு ஹெட் (வெளிய தெரியாம ஜீனை மட்டும் உள்ள வச்சிருக்குறது), எதுக்கு ஹெட் இல்லைன்னு ரிப்போர்ட் குடுத்துடுறாங்க. ஊசி கிடையாது, ரத்தம் எடுக்க வேண்டாம், பாம்பைக் கையில தூக்கக்கூட வேண்டாம். என்கிட்ட இருக்குற பால் பைத்தான்களுக்கு (பந்து மாதிரி சுருண்டுக்குற ஒரு மலைப்பாம்பு இனம், ball python) இதத்தான் யூஸ் பண்ணிட்டு வர்றேன், இது காசுக்குத் தகுமான்னு கேக்குறவங்க நிறைய பேர், அதனால நல்லது கெட்டது ரெண்டையும் சேத்தே எழுதிடுறேன். லேப் பேரு போடல. இதே வேலைய செய்ற லேப் ஒன்னுக்கு மேல இருக்கு, நீங்க எங்க அனுப்புனாலும் கவனிக்க வேண்டியது இதேதான்.

முடிவை மொதல்லயே சொல்லிடுறேன். கையில ஒரு தெளிவான கேள்வி இருந்தா இதவிட நல்ல சர்வீஸ் கிடையாது. "இது அல்பினோவா லாவெண்டர் அல்பினோவா", "இந்தப் பெண் பாம்பு பைபால்டுக்கு (உடம்புல பெரிய வெள்ளைத் திட்டு வர்ற வகை) ஹெட்டா இல்லையா", இப்படி. சும்மா "என் பாம்பு என்னன்னு பாத்து சொல்லுங்க"ன்னு அனுப்புனா பாதி காசு வீணாத்தான் போகும், ஏன்னா லேப் உங்க பாம்பை மொத்தமா படிக்கிறது இல்ல, நீங்க டிக் பண்ணுன ஜீன்ல அவங்களுக்குத் தெரிஞ்ச மாற்றம் இருக்கா இல்லையான்னு மட்டும்தான் பாக்குறாங்க. இத புரிஞ்சுக்கிட்டா ஏமாற்றமே வராது.

புதுசா வர்றவங்களுக்காக ரெண்டு வரி: மார்ஃப்னா ஒரே இனத்துக்குள்ள வர்ற நிற வகை. ஹெட்னா ஒரு ரெசஸிவ் ஜீனோட ஒரே ஒரு காப்பி உள்ள இருக்கு, வெளிய பாத்தா சாதாரண பாம்பு மாதிரியே இருக்கும், ரெண்டு காப்பி சேந்தாத்தான் நிறம் மாறும். இந்த ரெண்டு வார்த்தையை வச்சுத்தான் பால் பைத்தான் வியாபாரமே ஓடுது, குழப்பமும் இங்கதான்.

நான் மொதல்ல அனுப்புனது அல்பினோன்னு சொல்லி வந்த ஒரு ஆண் பாம்பு. வெள்ளையும் மஞ்சளும், சிவப்புக் கண்ணு, பாக்க அல்பினோதான். ஆனா வளர வளர அந்த வெள்ளைப் பகுதில லேசா ஊதா சாயல் தெரிய ஆரம்பிச்சுது, மஞ்சளும் ஆரஞ்சு பக்கம் போச்சு, கண்ணும் இளஞ்சிவப்பா இல்லாம நல்ல மாணிக்கச் சிவப்பு. லாவெண்டர் அல்பினோவா இருக்கலாம்னு தோணுச்சு. பேர்தானே, என்ன பெரிய வித்தியாசம்னு விட முடியாது, ஏன்னா ரெண்டும் வேற வேற ஜீன். 2022ல வந்த ஒரு ஆராய்ச்சில, பாம்பு வளக்குறவங்களும் பிரீடர்களும் அனுப்புன சட்டைகளை வச்சே மூணு மார்ஃபோட ஜீனைக் கண்டுபிடிச்சாங்க: அல்பினோ டைரோசினேஸ் ஜீன்ல, லாவெண்டர் அல்பினோ ஓசிஏ2 ஜீன்ல, அல்ட்ராமெல் டிஒய்ஆர்பி1 ஜீன்ல. அதனால ஒரு அல்பினோவையும் ஒரு லாவெண்டர் அல்பினோவையும் ஜோடி சேத்தா, ரெண்டும் வெள்ளை மஞ்சள்னு பாத்துட்டு குட்டியும் அப்படியே வரும்னு காத்துட்டு இருந்தா, முட்டையில இருந்து எல்லாமே சாதாரண பழுப்புக் குட்டியா வெளிய வரும், ஒவ்வொன்னும் ரெண்டுக்கும் ஹெட்டா இருக்கும். ரிப்போர்ட் வந்துச்சு, லாவெண்டர்தான். அல்பினோ ஜீன்ல ஒன்னும் இல்ல, ஓசிஏ2ல ரெண்டு காப்பி. சந்தேகத்துக்கே இடம் இல்லாத பதில். இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் இந்த சர்வீஸுக்கு மார்க் அள்ளிக் குடுப்பேன்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒன்னு இருக்கு. கார்ன் ஸ்நேக்னு இன்னொரு வளர்ப்புப் பாம்பு இனம், அதுல அமெல்னு சொல்ற கருப்பே இல்லாத வகை, அதுக்கும் காரணம் இதே ஓசிஏ2 ஜீன்தான்னு 2015ல கண்டுபிடிச்சுட்டாங்க, ஜீனுக்குள்ள வேற ஒரு டிஎன்ஏ துண்டு வந்து புகுந்துட்டதால அது வேலை செய்யாம போச்சாம். அதாவது கார்ன் ஸ்நேக்ல எல்லாரும் சாதாரணமா அல்பினோன்னு கூப்புடுறதும், பால் பைத்தான்ல லாவெண்டர்னு தனியா பேர் வச்சதும் ஒரே ஜீன். பால் பைத்தானோட அல்பினோ வேற ஜீன். வெளிய தெரியுற நிறத்தை வச்சு உள்ள என்னன்னு முடிவு பண்றது எவ்வளவு ஆபத்துன்னு இத விட நல்லா யாரும் சொல்ல முடியாது.

இதே வரிசைல கேரமல் அல்பினோவும் அல்ட்ராமெலும். ரெண்டும் கேரமல் கலர், ரெண்டும் ஒரு மாதிரி மங்கின மஞ்சள், ஃபோட்டோல பிரிச்சு சொல்றது ரொம்பக் கஷ்டம். ஆனா கேரமல் அல்பினோல முதுகெலும்பு வளைஞ்சு பிறக்குற பிரச்சினையும் பெண் பாம்புங்க சரியா முட்டை போடாத பிரச்சினையும் பிரீடர்களுக்கு நல்லாவே தெரியும், அல்ட்ராமெல்ல அந்தப் பேச்சு இல்ல. அதனால "கேரமல் டைப்"ன்னு பொத்தாம்பொதுவா சொல்லி யாராவது வித்தா, அல்ட்ராமெல் டெஸ்ட் பண்ணிட்டு வாங்குங்க. இது அழகு சம்பந்தப்பட்ட கேள்வி இல்ல, பிறக்கப்போற குட்டி சம்பந்தப்பட்டது.

அடுத்தது பைபால்டு ஹெட். இங்கதான் நிறைய பேர் காசு விடுறாங்க. ஹெட்டும் ஹெட்டும் சேந்து பிறந்த குட்டில, நிறம் மாறாம சாதாரணமா வந்த குட்டி ஒவ்வொன்னும் ஹெட்டா இருக்க மூணுல ரெண்டு பங்கு வாய்ப்பு, அதத்தான் 66 சதவீதம் பாஸிபிள் ஹெட்னு போட்டு விக்கிறாங்க. விக்கிறவர் மேல தப்பு இல்ல, அவருக்கும் தெரியாது. ஆனா கூடவே ஒரு "மார்க்கர்" கதை வரும்: வயித்துப் பக்கம், வாலுக்கு முன்னாடி, ரெண்டு ஓரத்துலயும் ரயில் தண்டவாளம் மாதிரி ரெண்டு கருப்புக் கோடு ஓடுனா அது பைபால்டு ஹெட்தான்னு. என்கிட்ட இருக்குற பெண் பாம்புக்கு அந்தக் கோடு ஸ்கேல் வச்சு போட்ட மாதிரி இருக்கு, பாத்தவங்க எல்லாரும் ஹெட்தான்னு அடிச்சு சொன்னாங்க, டெஸ்ட்ல ஹெட் இல்லைன்னு வந்துச்சு. பைபால்டுக்குக் காரணம் டிஎஃப்இசிங்கிற ஜீன்னு 2023ல ஆராய்ச்சியே வந்துடுச்சு, அதனால இந்த டெஸ்ட்ல ஊகம் எதுவும் இல்ல. மார்க்கர் சில சமயம் சரியா இருக்கலாம், ஆனா அதுக்காக கூடுதல் காசு குடுக்காதீங்க.

டெஸ்ட் இல்லாம இத எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு யோசிச்சுப் பாருங்க. பெண் பால் பைத்தான் ஜோடி சேக்குற பக்குவத்துக்கு வர சுமார் மூணு வருஷம் ஆகும், 1500 கிராம் எடையாவது வரணும்னு பெரும்பாலும் சொல்வாங்க. அப்புறம் பைபால்டு ஆணோட சேத்து, முட்டை போட்டு, சுமார் 55ல இருந்து 60 நாள் இன்குபேட்டர்ல வச்சு, குட்டி வந்தாத்தான் தெரியும். அப்பவும் ஆறு முட்டையில ஒன்னுகூட பைபால்டு வரலைன்னா ஹெட் இல்லைன்னு முழுசா சொல்ல முடியாது, உண்மையில ஹெட்டா இருந்தும் அப்படி வர 64ல ஒரு வாய்ப்பு இருக்கு. ரெண்டு மூணே முட்டைன்னா சந்தேகம் இன்னும் பெருசு. இத்தனை வருஷத்தையும் அந்தப் பாம்போட உடம்பையும் செலவு பண்றத விட ஒரு துண்டு சட்டை அனுப்புறது எவ்வளவோ மேல். முட்டை போடுறது பெண் பாம்புக்கு சின்ன வேலை இல்ல, பல நாள் சாப்பிடாம கிடக்கும், எடை நல்லா இறங்கிடும், சும்மா நம்ம சந்தேகத்தைத் தீத்துக்க அத அப்படி வாட்ட வேண்டிய அவசியமே இல்ல.

எல்லோபெல்லி குடும்பத்தைப் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்லணும். எல்லோபெல்லி, ஆஸ்ஃபால்ட், கிராவல், ஸ்பெக்டர், ஸ்பார்க்: இதெல்லாம் ஒரு காப்பி மட்டும் இருக்கும்போது சாதாரண பால் பைத்தான்ல இருந்து பிரிச்சுப் பாக்குறதே பெரும்பாடு. விலாப்பக்கம் கொஞ்சம் தெளிவான தீப்பிழம்பு டிசைன், வயித்து ஓரத்துல புள்ளிக்கட்டம், தலை கொஞ்சம் வெளுப்பு, அவ்வளவுதான், அதுவும் ஒவ்வொரு பாம்புக்கும் கூடக் குறைய இருக்கும். ஆனா ரெண்டு சேந்தா விஷயமே தலைகீழ்: எல்லோபெல்லி ரெண்டு சேந்தா ஐவரின்னு கிட்டத்தட்ட வெள்ளைப் பாம்பு, எல்லோபெல்லியும் ஆஸ்ஃபால்ட்டும் சேந்தா ஃப்ரீவே, கிராவலோட சேந்தா ஹைவே, ஸ்பெக்டரோட சேந்தா சூப்பர்ஸ்ட்ரைப், ஸ்பார்க்கோட சேந்தா பூமா. எல்லாமே இடிஎன்ஆர்பி1ங்கிற ஒரே ஜீன்ல வர்ற வேற வேற மாற்றம், சிலது புரதத்தை முழுசா முடக்கிடுது, சிலது லேசாத்தான் கெடுக்குது, நிறச் செல் எவ்வளவு குறையுதோ அதுக்கேத்த மாதிரி வெள்ளை, கோடு, இல்லைன்னா சின்ன டிசைன் மாற்றம்னு 2023ல விளக்கி எழுதியிருந்தாங்க. கண்ணால பாத்து "இது எல்லோபெல்லி"ன்னு சொல்றவர், அது கிராவலா இருந்தா எப்படிப் பிரிச்சிருப்பாருன்னு கேட்டுப் பாருங்க, பதில் பெரும்பாலும் அப்பா அம்மா யாருங்கிறதுல வந்து நிக்கும். அதனால இந்தக் குடும்பத்துல சந்தேகம்னா தனித்தனியா இல்லாம மொத்தமா சேத்து டெஸ்ட் பண்ற ஆப்ஷன் இருக்கான்னு பாத்து அனுப்புங்க, எல்லோபெல்லி மட்டும் டிக் பண்ணி "இல்லை"ன்னு வந்தா அது சாதாரண பாம்புன்னு அர்த்தம் ஆகாது.

எனக்கு வந்த மனவருத்தமும் இங்கதான். ஒரு பாம்போட ரிப்போர்ட்ல வெறும் "கண்டறியப்படவில்லை"ன்னு ஒரே வரி, எந்த மாற்றத்தைத் தேடுனாங்க, அந்தக் குடும்பத்துல எத்தனைய விட்டுட்டாங்க, ஒன்னுமே இல்ல. மெயில் போட்டேன், மொத பதில் ஏற்கனவே தெரிஞ்சதையே திருப்பிச் சொல்ற ரெடிமேட் பதில், ரெண்டாவது மெயிலுக்குத்தான் ஒருத்தர் பொறுமையா உக்காந்து எழுதுனாரு, அந்த விளக்கம் உண்மையிலேயே அருமை. அத ரிப்போர்ட்லயே போட்டிருந்தா என்ன? பாம்பு வாங்குறவங்கள்ல பெரும்பாலானவங்க ஜீன் படிச்சவங்க இல்ல, "இந்த டெஸ்ட் இன்ன மாற்றத்தை மட்டும் பாக்குது, பாக்காத மாற்றமும் இருக்கலாம்"ன்னு ரெண்டு வரி எழுதுறது அவங்க கடமை.

இன்னொன்னு, இது ரொம்ப முக்கியம். ரிப்போர்ட்ல பாம்போட படம் கிடையாது, நீங்க ஃபார்ம்ல போட்ட பேரும் ஒரு நம்பரும் மட்டும். அந்தக் காகிதத்தை எந்தப் பாம்போட வேணும்னாலும் சேத்து விக்கலாம். அதனால ரிப்போர்ட் காட்டி விக்கிறாங்கன்னா, அந்த நம்பரை லேப் சைட்ல போட்டு வருதான்னு பாருங்க, எந்தத் தேதி சட்டை, அந்தத் தேதில பாம்பு எப்படி இருந்துச்சுன்னு ஃபோட்டோ கேளுங்க. பால் பைத்தானோட விலாப்பக்க டிசைன் ஒவ்வொன்னுக்கும் தனி, வளந்தாலும் அந்த வடிவம் மாறாது, கலர்தான் மாறும், அத ரெண்டு ஃபோட்டோலயும் ஒத்துப் பாக்கலாம். லேப்காரங்க ஒரு ஃபோட்டோ ஏத்துற வசதி வச்சா இந்தப் பிரச்சினை பெருமளவு குறைஞ்சுடும்.

சட்டை அனுப்புறதப் பத்தி. ஈரமா இருந்தா மடிக்காதீங்க, நல்லா உலரட்டும், ஈரத்தோட பிளாஸ்டிக்ல அடைச்சா பூஞ்சை பிடிச்சு டிஎன்ஏ கெட்டுடும். பேப்பர் கவர் தான் நல்லது. தண்ணிக் கிண்ணத்துல ஊறிக் கிடந்ததையும் எச்சம் பட்டதையும் தள்ளி வச்சுட்டு, சுத்தமான பகுதியா உள்ளங்கை நீளத்துக்கு வெட்டுங்க. ஒரே டப்பால ரெண்டு பாம்பு இருந்தா அந்த சட்டை யாரோடதுன்னே தெரியாது, அனுப்பவே வேண்டாம். டப்பா மாத்தும்போது பழைய பாம்போட துணுக்கு ஒட்டிக்கிட்டு இருக்கும், அதையும் பாத்துக்கோங்க. கவர் மேல உடனே பேர் எழுதிடுங்க, அப்புறம் எழுதலாம்னு நாலு கவர வரிசையா வச்சா எது யாரோடதுன்னு குழம்பும்.

ஆனா வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, அதத்தான் யாரும் செய்றதில்ல. சட்டையை முழுசா விரிச்சு, வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. டிரேசிங் பேப்பர் மாதிரி ஒவ்வொரு செதிலும் தனித்தனியா தெரியும், கலர் பெரும்பாலும் போயிருக்கும், முக்கியமா வடிவம்தான் தெரியும். இதுதான் இனத்தைக் கண்டுபிடிக்க சரியான பொருள், ஏன்னா மார்ஃப் கலரைத்தான் மாத்தும், பெரும்பாலும் செதிலை மாத்தாது. மார்ஃப் டெஸ்ட் இனத்தைச் சொல்லாது, ஃபார்ம்ல நீங்கதான் இனத்தை எழுதிக் குடுக்கணும், அத நம்பித்தான் அவங்க டெஸ்டே பண்றாங்க. அங்கயே தப்பா போட்டா மத்ததெல்லாம் தப்பு.

உதாரணத்துக்கு அமெல் கார்ன் ஸ்நேக்கும் அல்பினோ கிங்ஸ்நேக்கும். கருப்பு போயிட்டா ரெண்டும் ஆரஞ்சு, வெள்ளை, சிவப்புக் கண்ணு, குட்டியா இருக்கும்போது புதுசா பாக்குறவங்க மாத்தி சொல்லிடுவாங்க. சட்டையை வயித்துப்பக்கம் திருப்பி, வால் ஆரம்பிக்கிற இடத்துல கழிவுத்துளையை மூடியிருக்குற அந்தக் கடைசி அகலச் செதிலைப் பாருங்க. கார்ன் ஸ்நேக்ல அது சாய்வா ரெண்டாப் பிரிஞ்சிருக்கும். கிங்ஸ்நேக், மில்க் ஸ்நேக் எல்லாத்துலயும் ஒரே முழுச் செதில். அதோட கார்ன்ல நடுமுதுகுச் செதில்ல லேசா ஒரு மேடு ஓடும், விரல்ல தடவுனா தெரியாட்டியும் சாய்வான வெளிச்சத்துல தெரியும், கிங்ஸ்நேக்ல சுத்தமா வழுவழுப்பு. புல்ஸ்நேக்னா அந்த மேடு ரொம்ப அழுத்தமா இருக்கும், கழிவுத்துளைச் செதில் ஒன்னுதான். ஒரு சட்டை, ஒரு ஜன்னல் வெளிச்சம், அவ்வளவு போதும் இத்தனையும் பாக்க.

பைத்தானா போவாவான்னு சந்தேகம்னா வாலோட அடிப்பக்கம் பாருங்க: பைத்தான்ல பெரும்பாலான செதில் ஜோடி ஜோடியா இருக்கும், போவால பெரும்பாலும் ஒத்தை வரிசை. தலைப்பக்கமும் பாருங்க, போவா கன்ஸ்ட்ரிக்டருக்கு தலை முழுக்க பொடிப்பொடிச் செதில், பால் பைத்தானுக்கு மூக்குப் பக்கம் பெரிய தட்டு மாதிரி செதிலும் உதட்டுல வெப்பம் உணர்ற குழியும் இருக்கும். இதுல ரொம்ப அழகான ஜோடி கிரீன் ட்ரீ பைத்தானும் எமரால்டு ட்ரீ போவாவும். ஒன்னு நியூகினி பக்கம், இன்னொன்னு தென் அமெரிக்கா, நடுவுல ஒரு பெருங்கடலே இருக்கு, ஆனா ரெண்டும் பச்சை, ரெண்டும் கிளைல ஒரே மாதிரி சுருண்டு தொங்கும், குட்டியும் ரெண்டுலயும் வேற கலர்ல பிறந்து வளந்தப்புறம்தான் பச்சையாகும். குழி எங்க இருக்குன்னு பாத்தா முடிஞ்சுது: பைத்தான்ல குழி உதட்டுச் செதிலுக்கு உள்ளயே குடைஞ்ச மாதிரி இருக்கும், போவால ஒரு செதிலுக்கும் அடுத்த செதிலுக்கும் நடுவுல இருக்கும். பைத்தான் முட்டை போடும், அந்த போவா குட்டி போடும். எமரால்டுலயே காடுகளைப் பொறுத்து ரெண்டு இனம்னு 2009ல பிரிச்சாங்க, மூக்குச் செதில் பெருசா இருந்தா ஒன்னு, பொடியா நிறைய இருந்து முதுகுல வெள்ளைக் கோடு தொடர்ச்சியா ஓடுனா இன்னொன்னு, அமேசான் படுகையோடது.

கலப்பினம் வந்தா இந்த செதில் வித்தையும் கைவிட்டுடும். கார்னும் கிரேட் பிளெய்ன்ஸ் ராட் ஸ்நேக்கும் சேந்து வந்ததை ரூட்பீர்னும், அதுலயே அமெல்லா இருந்தா கிரீம்சிக்கிள்னும் விக்கிறாங்க, கார்னும் கலிஃபோர்னியா கிங்கும் சேந்தா ஜங்கிள் கார்ன். மார்ஃப் டெஸ்ட்ல இவங்களுக்கு அமெல்னு சுத்தமா ரிசல்ட் வரும், கலப்பினம்னு ஒரு வார்த்தை வராது. அதனால ரிப்போர்ட் கையில இருக்குறது சுத்தமான கார்ன்னு நிரூபிக்காது, அதுக்கு பிரீடர் வச்சிருக்குற பரம்பரைக் கணக்குதான் வழி.

கார்ன் ஸ்நேக் வளக்குறவங்களுக்கு இந்த சர்வீஸ் எவ்வளவு உதவும்னு கேட்டா, பால் பைத்தான் அளவுக்கு இல்ல. அனெரி, சார்க்கோல்னு சிவப்பு நிறம் இல்லாத ரெண்டு மார்ஃப் இருக்கு, ரெண்டும் குட்டில ஒரே சாம்பல் கலர், பிரிக்கவே முடியாது, ஆனா வளந்தா அனெரிக்கு கழுத்துப் பக்கம் மஞ்சள் ஏறும், சார்க்கோலுக்குப் பொதுவா ஏறாது, கொஞ்சம் காத்திருந்தா பாம்பே சொல்லிடும். ஸ்னோவும் பிளிஸார்டும் அப்படித்தான், ஸ்னோன்னா அமெல்லும் அனெரியும், பிளிஸார்டுன்னா அமெல்லும் சார்க்கோலும், கழுத்துல மஞ்சள் வந்தா ஸ்னோ பக்கம், கடைசி வரைக்கும் வெள்ளையாவே இருந்தா பிளிஸார்டு பக்கம். ஒக்கீட்டீ, மயாமி மாதிரி பேரெல்லாம் ஒரு ஜீன் விஷயமே இல்ல, தலைமுறை தலைமுறையா தேர்ந்தெடுத்து வளத்த தோற்றம், அதுக்கு டெஸ்ட்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பால் பைத்தான்லயும் லெஸ்ஸர், பட்டர்னு ஒரே மாதிரி இருக்குற ரெண்டு மார்ஃப்ல இது லெஸ்ஸரா பட்டரான்னு மண்டைய உடைச்சுக்காதீங்க, பிரீடர்களே பிரிச்சுச் சொல்ல முடியாம பேரை மட்டும் பரம்பரையா தூக்கிட்டு வர்றாங்க.

வெள்ளைப் பாம்பு விஷயத்துல மட்டும் கட்டாயம் டெஸ்ட் பண்ணச் சொல்வேன். நீலக்கண்ணு லூசிஸ்டிக், அதாவது மொஜாவே, லெஸ்ஸர் குடும்பத்துல ரெண்டு காப்பி சேந்து வர்ற வெள்ளைப் பாம்பு, அதுக்கு அடியில வேற எந்த ஜீன் ஒளிஞ்சிருந்தாலும் வெளிய ஒன்னுமே தெரியாது, எல்லாம் வெள்ளைல மூழ்கிடும். தலைல லேசா சாம்பல் இருந்தா ரெண்டும் மொஜாவேன்னு ஊகிக்கலாம், அதுக்கு மேல கண்ணு எதையும் சொல்லாது. அடியில ஸ்பைடர்ங்கிற மார்ஃபோட ஜீன் இருந்தா? ஸ்பைடர்ல தலை ஆடுறது, பேலன்ஸ் இல்லாம திரும்புறது எல்லாம் அந்த ஜீனோடயே வர்ற விஷயம், உள்காது அமைப்புலயே கோளாறு இருக்குன்னு 2022ல ஸ்கேன் பண்ணி காட்டுனாங்க. ஆட்டம் லேசா இருக்குற குட்டியை வாங்குறவர் கவனிக்காம விட்டுடலாம், அப்புறம் அத சேம்பெயின்ங்கிற இன்னொரு மார்ஃப் பாம்போட சேத்தா ரெண்டு ஜீனும் சேந்த குட்டி பிழைக்காதுன்னு பிரீடர்கள் சொல்றாங்க. லேபோட லிஸ்ட்ல அந்த ஜீன் இருக்கான்னு பாத்து, இருந்தா கேட்டு டெஸ்ட் பண்ணுங்க, இல்லைன்னா அப்பா அம்மா விவரம் தெரியாத வெள்ளைப் பாம்பை ஜோடி சேக்காதீங்க.

ஆணா பெண்ணான்னு பாக்குற டெஸ்ட்டும் சில லேப்ல இதே சட்டைல பண்றாங்க. பைத்தானுக்கும் போவாவுக்கும் நம்ம மாதிரி எக்ஸ் ஒய் முறைன்னு 2017லதான் தெரிய வந்துச்சு, கார்ன் ஸ்நேக் மாதிரி பாம்புங்களுக்கு அது நேர்மாறு, பெண்ணுக்குத்தான் ரெண்டு வகைக் குரோமோசோம். குட்டிப் பாம்போட வாலை அழுத்திப் பாக்கத் தெரியாதவங்க அழுத்தி அதைக் காயப்படுத்துறத விட இது நல்லது. ஆனா இங்கயும் இனத்தை சரியா போடணும், இல்லைன்னா ரிசல்ட்டே வேற.

ரிசல்ட் வர சில வாரம் ஆகும், அவசரத்துக்கு ஆகாது. நான் குடுக்குற மார்க் அஞ்சுக்கு நாலு, ஒரு மார்க் குறைச்சது அந்த ஒத்தை வரி ரிப்போர்ட்டுக்காகவும் ஃபோட்டோ வசதி இல்லாததுக்காகவும். ஒரே ஒரு பாம்பை அழகுக்காக வளக்குறீங்க, ஜோடி சேக்குற எண்ணமே இல்லைன்னா இந்தக் காசை நல்ல தெர்மோஸ்டாட்ல போடுங்க, பாம்புக்கு அதுதான் முக்கியம். ஜோடி சேக்கப் போறீங்கன்னா அதுக்கு முன்னாடியே ரெண்டு பக்கமும் டெஸ்ட் பண்ணிடுங்க, சட்டை எப்படியும் உரிக்கத்தான் போகுது, அத குப்பைல போடாம தேதி போட்டு கவர்ல வைங்க.